வீட்டிலுள்ள கேசட்டுகளையும் சிடிக்களையும் கணினித் தொகுப்பாக்கும் முறை

பரணில் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளும் அலமாரியின் கீழ்த்தட்டில் தூசு படிந்த சிடிக்களும் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. அவற்றைக் கேட்பதற்கான கருவி பழுதான நாளிலிருந்து, அதே பாடல்களை இணையத்தில் தேடி எடுப்பதும், கிடைத்ததை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதும் பழக்கமாகிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய நல்ல பதிவு வீட்டிலேயே இருக்க, யாரோ எப்படியோ நகலெடுத்த, பெயரும் விவரமும் தவறான ஒரு கோப்பை நம்பி இருக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளும் இதற்கு ஈடாகா; உரிமம் முடிந்தால் பாடல் மறைந்துவிடும், சந்தா நின்றால் கைப்பேசியில் சேமித்ததும் திறக்காது. வெளியிலிருந்து எதையும் இறக்காமலும், வெளியே எதையும் அனுப்பாமலும், நம்மிடம் உள்ளதை மட்டும் கொண்டு ஒரு நல்ல தொகுப்பை அமைக்க முடியும். என் தந்தையார் விட்டுச்சென்ற கேசட்டுகளையும் சிடிக்களையும் வைத்து நான் அதைச் செய்திருக்கிறேன். ஒலியைக் கணினிக்குள் கொண்டுவருவது இந்த வேலையில் ஒரு பாதிதான் என்பதும், பெயர்களை ஒழுங்காக எழுதுவதே கடினமான மறுபாதி என்பதும் அந்த அனுபவத்தில் தெரிந்தது. ஆகவே இக்கட்டுரையில் பெயர் எழுதும் பகுதிக்கு அதிக இடம் தந்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அந்தச் சொந்த உபயோகம் என்ற எல்லைக்குள் நிற்பதுதான் இங்கே சொல்லப்படும் முறை. ஒலிப்பதிவு ஒன்றின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பாடலின் இசைக்கும் வரிகளுக்கும் தனியே உரிமை உண்டு. எனவே பழைய பாட்டுத்தானே என்று பொதுவெளியில் ஏற்றுவது சரியாகாது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் கடைகளில், பாடல் பட்டியலை எழுதிக் கொடுத்துக் காலிக் கேசட்டில் பதிவு செய்து வாங்கியவையும் உங்கள் பெட்டியில் இருக்கலாம். அவை உரிமை பெற்ற வெளியீடுகள் அல்ல. நான் அவற்றின் பட்டியல் அட்டைகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு, அந்தப் பாடல்கள் உள்ள சிடிக்களைச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தேன்.

முதலில் கணக்கெடுப்பு

எதையும் பதிவு செய்வதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி எண் போடுங்கள். கேசட் என்றால் கே-001, சிடி என்றால் சி-001 என்று சிறு ஒட்டுச்சீட்டில் எழுதி உறையில் ஒட்டிவிட்டு, அதே எண்ணில் ஒரு விரிதாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: தலைப்பு, வெளியீட்டு நிறுவனம், ஆண்டு, நிலைமை. உறை அட்டையை இருபுறமும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த எண்ணையே படத்தின் பெயராக வையுங்கள். கையால் எழுதிய அட்டைகள் இருந்தால் அவற்றை ஒன்றுகூட விடாதீர்கள். என் தந்தையார் கேசட் அட்டைகளில் பாடலின் முதல் சொல்லையும் அதன் அருகே ராகத்தையும் நீல மையில் எழுதி, உறுதியாகத் தெரியாத ராகத்துக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இடுவார். அந்தக் கேள்விக்குறி எந்தத் தகவல் தளத்திலும் கிடைக்காத தகவல்.

சிடியிலிருந்து எடுப்பது

சிடிக்களை முதலில் முடித்துவிடலாம்; அவை எளியவை. ஒரு சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட் அளவில், இரண்டு தடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. அந்த எண்களை ஒன்றுகூடத் தவறாமல் படித்தெடுப்பதே நம் வேலை. விண்டோஸ் கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக் கணினியில் எக்ஸ்எல்டி ஆகிய மென்பொருள்கள் ஒவ்வொரு பாடலையும் படித்தபின், அதே சிடியைப் படித்த மற்றவர்களின் சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிட்டு, பிழை உண்டா இல்லையா என்று சொல்கின்றன. பாடலை அனுப்பாமல் அதன் எண்ணை மட்டும் ஒப்பிடும் இந்த வசதியின் பெயர் அக்யூரேட்ரிப். சிடி அழுக்காக இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், படிக்கும் பாதையின் போக்கிலேயே நீண்டு அதிகச் சேதம் செய்யும். படம் அச்சிட்ட மேற்புறந்தான் இன்னும் மென்மையானது, ஏனென்றால் ஒலி பதிந்த படலம் அந்த அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆகவே அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதக் கூடாது.

சேமிக்கும் வடிவத்துக்கு ஃப்ளாக்கைத் தேர்ந்தெடுங்கள். அது ஒலியில் எதையும் இழக்காமல் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எம்பி3 வடிவம் கைப்பேசிக்குப் போதும், மூலப்பிரதிக்குப் போதாது, ஏனெனில் அதில் ஒருமுறை விட்டது திரும்ப வராது. அதிலிருந்து அதேபோல் ஒலியை இழக்கும் இன்னொரு வடிவத்துக்கு மாற்றும்போது மேலும் கொஞ்சம் போகும். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களோடு விற்கப்பட்ட எம்பி3 சிடிக்கள் உங்களிடம் இருந்தால் அந்தக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வையுங்கள். அவற்றை ஃப்ளாக்காக மாற்றினால் இடம் வீணாவதைத் தவிர வேறு பயன் இல்லை.

கேசட்டிலிருந்து எடுப்பது

கேசட்டுக்குப் பொறுமை வேண்டும். 60 நிமிடக் கேசட்டைப் பதிவு செய்ய 60 நிமிடந்தான் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் வேலை சலிக்காது.

யுஎஸ்பி வாக்மேன் என்று விற்கப்படும் மலிவான கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் மோட்டார் சீராக ஓடாமல், நீண்ட கார்வைகள் நடுங்கும். வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் பழைய கேசட் டெக் ஒன்றைப் பழுதுபார்த்து எடுங்கள். ரப்பர் பெல்ட்டை மாற்றினாலே பெரும்பாலானவை ஓடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், குச்சியில் பழுப்பு நிறம் ஒட்டுவது நிற்கும் வரை, நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நாடாவில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது, ஏனென்றால் அது அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால், கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றலாம். நல்ல நிலையில் உள்ள கேசட்டையும் முதலில் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பதிவு செய்தால் ஓட்டம் சீராகும்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து வரும் வடத்தைக் கணினியின் லைன்-இன் துளையில் செருக வேண்டும், மைக் துளையில் அல்ல. மடிக்கணினிகள் பலவற்றில் மைக் துளை ஒற்றைத் தடம் மட்டுமே பிடிக்கும். ஒலியை மிகைப்படுத்திச் சிதைக்கவும் செய்யும். முதல் பன்னிரண்டு கேசட்டுகளை நான் மைக் துளை வழியாகவே பதிவு செய்தேன். மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியிலும் ஒலி உடைவதைப் பிறகுதான் கவனித்தேன். பன்னிரண்டையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. லைன்-இன் இல்லாத கணினிக்குச் சிறிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. பதிவின்போது அடியில் ஒரு ரீங்காரம் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்து, மிக உரத்த இடத்திலும் அளவுமானி −6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒலி மங்கலாக இருந்தால், நாடா தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணி அதன் சாய்வை மாற்றும். மிகச் சிறிய திருப்பத்தில் தாளமும் ஜால்ராவும் திடீரெனத் துலங்கும் ஓர் இடம் வரும், அங்கே நிறுத்த வேண்டும். டெக்கின் வேகத்தையும் பார்க்க வேண்டும். கேசட்டாகவும் சிடியாகவும் உங்களிடம் இருக்கும் ஒரே பதிவை எடுத்து நேரம் குறித்தால் போதும்: சிடியில் 5 நிமிடம் ஓடும் பாட்டு கேசட்டில் 9 நொடி முன்னதாக முடிந்தால், டெக் ஏறக்குறைய 3 விழுக்காடு வேகமாக ஓடுகிறது, சுருதியும் சுமார் கால் கட்டை ஏறிவிட்டது என்று பொருள். மோட்டாரில் இருக்கும் வேகத் திருகாணியால் அதைச் சரிசெய்யலாம்.

இரைச்சல் நீக்கும் வசதியை மூலப்பிரதியில் பயன்படுத்தாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பாட்டு இல்லாத ஒரு நொடியை இரைச்சலின் மாதிரியாகக் காட்டும்படி மென்பொருள் கேட்கும். கர்நாடகக் கச்சேரியில் அப்படிப்பட்ட நொடி இல்லை, பாடகர் மூச்சு வாங்கும்போதும் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மென்பொருள் அந்தத் தம்புராவையும் இரைச்சலாக எண்ணிக் கழித்துவிடும். மீதமாகும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். நாடாவின் மெல்லிய சீறலைச் சிறிது நேரத்தில் காது மறந்துவிடுகிறது. தம்புரா போனதை மறக்காது.

முதல் பக்கம் முடியும் இடத்தில் பாதியில் நின்று, மறுபக்கத்தில் தொடரும் ஆலாபனையையோ தனி ஆவர்த்தனத்தையோ ஒரே கோப்பாக ஒட்டிவிடலாம். விருத்தம் முடிந்து இடைவெளியின்றி வரும் பாட்டை மட்டும் வெட்டாமல் விடுங்கள். வானொலியிலிருந்து பதிவான கச்சேரிகளில் அறிவிப்பாளர் குரலையும் வெட்ட வேண்டாம். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. திருத்தம் முடிந்தபின் 16 பிட் ஃப்ளாக்காகச் சேமித்தால் கேசட்டின் ஒலி வரம்புக்கு அது தாராளமாகப் போதும். 300 கேசட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றாலும், மொத்தம் ஏறத்தாழ 100 ஜிபிதான் வரும்.

பெயர் எழுதுவது

கோப்பின் பெயரை மட்டும் நம்பாமல், கோப்புக்குள்ளேயே விவரங்களை எழுத வேண்டும். இதற்கு எம்பி3டேக், கிட்3, மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் ஆகிய மென்பொருள்கள் உதவும். சிடியைப் போட்டதும் இணையத் தகவல் தளங்களிலிருந்து பெயர்கள் தானாக வந்து நிரம்பும், ஆனால் தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. பாடகருக்குரிய இடத்தில் நடிகரின் பெயர் இருக்கும். ரோமன் எழுத்தில் ஒரே பெயர் ஐந்து விதமாக இருக்கும். அட்டையைப் பார்த்து நீங்களே தமிழில் எழுதுங்கள்.

நம் பாடல்களுக்குத் தனியே தலைப்பு இல்லை, முதல் சொற்களே தலைப்பு. திரையிசையில் ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயரும், ஆண்டு என்ற இடத்தில் படம் வெளியான ஆண்டும் இருக்கட்டும், கேசட் அச்சான ஆண்டு வேண்டாம். பல கேசட்டுகளில் ஒரு பக்கம் ஒரு படமும் மறுபக்கம் இன்னொரு படமும் இருக்கும். அவற்றை இரண்டு ஆல்பங்களாகப் பிரித்து, குறிப்பு என்ற இடத்தில் கேசட் எண்ணை எழுதினால் போதும். ஆல்பம் ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் இசையமைப்பாளரையும், ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் பாடகர்களையும், பாடலாசிரியருக்கென்று உள்ள இடத்தில் அவரையும் எழுதுங்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை இணைந்து இசையமைத்தார்கள் என்பதால் அதற்கு முந்தைய படங்களில் இருவர் பெயரும் வர வேண்டும். ஆல்பம் ஆர்டிஸ்டைக் காலியாக விட்டால், பாடகர் மாறும்போதெல்லாம் ஒரே படம் நான்கைந்து ஆல்பமாகச் சிதறிவிடும்.

கர்நாடக இசைக்கு வேறு ஏற்பாடு தேவை. இங்கே கம்போசர் என்பது வாக்கேயக்காரர், அதாவது வரியையும் இசையையும் தாமே அமைத்தவர். ஃப்ளாக்கில் நாமே புதிய இடங்களை உண்டாக்கிக்கொள்ளலாம் என்பதால் ராகம், தாளம், வயலின், மிருதங்கம், பதிவான இடம் என்று தனித்தனியே வைத்துக்கொண்டேன். தாய் ராகங்களின் வரிசை எண்ணான மேளகர்த்தா எண்ணையும் ஓர் இடத்தில் எழுதினால் வரிசைப்படுத்துவது எளிது: தோடி 8, கரகரப்ரியா 22, சங்கராபரணம் 29, கல்யாணி 65. தந்தையார் கேள்விக்குறி இட்ட ராகங்களுக்கு நானும் கேள்விக்குறி இட்டே எழுதினேன்.

ஒரே பெயரை ஒரே விதமாக எழுதுவதில் பிடிவாதம் வேண்டும். சுப்புலட்சுமி என்று பத்துக் கோப்பிலும் சுப்புலக்ஷ்மி என்று பத்துக் கோப்பிலும் இருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு பாடகிகள். தலைப்பெழுத்துக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதைக்கூட ஒருமுறை முடிவு செய்து, நீங்கள் ஏற்ற வடிவங்களை விரிதாளின் இரண்டாம் பக்கத்தில் எழுதி, எப்போதும் அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. ஒரு நாள் மோகனம் என்று தேடியபோது, எனக்குத் தெரிந்தே தொகுப்பில் இருந்த சில பாடல்கள் வரவில்லை. திறந்து பார்த்தால் அவற்றிலும் மோகனம் என்றே இருந்தது. கணினி எழுத்துகளைக் குறித்துக்கொள்ளும் யூனிகோடு முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடும் மென்பொருள்கள் பல அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். மோகனம், தோடி, காம்போதி மூன்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. கௌளை என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியிருப்பதும், ஸ்ரீராகத்தின் முதல் எழுத்து இரு வேறு குறியீடுகளில் அமைவதும் இதே வகை. எல்லாப் பெயர்களையும் ஒரே விசைப்பலகையில் தட்டுவதும், வேறெங்கிருந்தோ ஒட்டிய பெயர்களை விரிதாளில் கண்டுபிடித்து மாற்றுவதும் இதற்குத் தீர்வு. பழைய கோப்புகளில் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் இட்டு எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும்.

கோப்புறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரையிசை, கர்நாடக இசை, பக்தி, வீட்டுப் பதிவுகள் என்று நான்கு போதும். உள்ளே படம் அல்லது பாடகர், அதற்குள் 01, 02 என்று ஈரிலக்க எண்ணோடு பாடல்கள். கேள்விக்குறியையும் இரட்டைப் புள்ளியையும் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது. லினக்ஸில் பெயரின் எல்லை 255 பைட். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆவதால், பல்லவி முழுவதையும் கோப்புப் பெயராக வைத்தால் இடம் போதாமல் போகலாம்.

கேட்பதும் காப்பதும்

கைப்பேசிக்கு மூலப்பிரதியிலிருந்து ஓபஸ் அல்லது எம்பி3 வடிவில் ஒரு சிறு பிரதி எடுத்து, யுஎஸ்பி வடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டுமென்றால் பழைய கணினி ஒன்றில் பாடல்களை மற்றக் கருவிகளுக்கு வழங்கும் நேவிட்ரோம் அல்லது ஜெல்லிஃபின் மென்பொருளை நிறுவி, வீட்டு வைஃபைக்குள் மட்டும், கடவுச்சொல்லோடு ஓடவிடலாம். பாட்டுக்குப் பாட்டு ஒலி ஏறி இறங்குவதைச் சமன்செய்ய ரீப்ளேகெயின் என்ற வசதி உண்டு. அது கோப்பில் ஒரு குறிப்பை மட்டும் எழுதும், ஒலியைத் தொடாது.

மூன்று பிரதிகள் வைத்திருங்கள்: கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, மற்றொரு ஹார்ட் டிஸ்கில் வேறு வீட்டில் ஒன்று. தானாக ஒத்திசைக்கும் ஏற்பாட்டைக் காப்புப்பிரதி என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழிந்துவிடும். ஃப்ளாக் கோப்பு ஒவ்வொன்றும் தன் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஹார்ட் டிஸ்குகளையும் இணைத்துச் சரிபார்ப்பை ஓடவிட்டால், கெட்டுப்போன கோப்பு எது என்று தெரிந்துவிடும். அதை மற்றப் பிரதியிலிருந்து மீட்கலாம். நான் இதைப் பொங்கல் விடுமுறையில் செய்கிறேன்.

பதிவு முடிந்த கேசட்டுகளையும் சிடிக்களையும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பிரதிக்கு அவையே ஆதாரம், பின்னாளில் நல்ல டெக் கிடைத்தால் மீண்டும் பதிவு செய்யவும் அவை வேண்டும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு நிமிர்த்தி அடுக்கி, ஒலிபெருக்கியின் காந்தத்துக்கும் சுவரின் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள். விரிதாளை அச்சிட்டு, எந்த எண் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது வீட்டில் யார் திறந்தாலும் தெரியும்படி, மூடியின் உட்புறத்தில் ஓர் உறையில் செருகி வைத்துவிடுங்கள்.